ஆராய்ச்சிச் சாலைகளில் வளர்க்கப்படும் பறவைகளும் அவற்றைக் காக்கும் சட்டமும்

கோழிக்குஞ்சு பொரித்து ஒரு வாரம் நிறைவதற்குள் அதன் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து விடும் வழக்கம் இன்று தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஏற்பட்டிருக்கிறது. இம்மருந்து இல்லாத காலத்தில் வெள்ளைக் கழிச்சல் என்னும் நோய் ஓர் ஊருக்குள் புகுந்தால், சில நாட்களுக்குள் பஞ்சாரங்கள் யாவும் காலியாகிவிடும். அந்த நஷ்டத்தைத் தடுத்த மருந்தைப் பற்றி விவசாயிகள் அறிவார்கள். ஆனால் அம்மருந்து முதலில் எந்தப் பறவைகளின் உடலில் சோதிக்கப்பட்டது, அப்பறவைகள் எவ்விதம் வைத்துக் காக்கப்பட்டன, அவற்றின் பொருட்டுக் கேள்வி கேட்பவர் எவரேனும் உண்டா என்பவற்றைச் சிந்திப்பவர் மிகச் சிலரே.

இவ்விஷயத்தை நிலம் உடையோரும் கிராம அதிகாரிகளும் தெரிந்துகொள்ளுதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, சோதனைப் பறவை சுகமாக இருந்தாலன்றிச் சோதனையின் முடிவு நம்பத்தக்கதாகாது. முடிவு பிழையானால் நஷ்டம் விவசாயியைச் சேரும். இரண்டாவது, கிராமத்துக் கோழி, புறா முதலியன சில சமயங்களில் ஆராய்ச்சிக்கென விலைக்குக் கேட்கப்படுகின்றன. அவற்றை விற்பதில் சட்டம் குறுக்கிடுகிறது. மூன்றாவது, ஆராய்ச்சிச் சாலையைக் கட்டுப்படுத்தும் அதே சட்டம் கோழிப்பண்ணை வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்துகிறது.

பறவைகளால் கிடைத்த அறிவு

அரிசி உண்ணும் மக்களுக்குப் பறவைகள் செய்த பேருதவி ஒன்று உண்டு. ஜாவாத் தீவிலுள்ள பட்டேவியா நகரில், 1889-ஆம் ஆண்டை ஒட்டி, கிறிஸ்டியான் ஐக்மன் என்னும் டச்சு வைத்தியர் பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடி வந்தார். அவருடைய ஆராய்ச்சிச் சாலைக் கோழிகளுக்குத் திடீரெனக் கால்கள் தளர்ந்தன, கழுத்து வளைந்தது, நிற்கமாட்டாமல் அவை விழுந்தன. சில மாதங்கள் கழித்துக் காரணம் தெரியாமலே அந்நோய் மறைந்தும் போயிற்று. விசாரித்ததில், நோய் கண்ட காலத்தில் அக்கோழிகளுக்கு இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளையரிசிச் சோறு போடப்பட்டது என்றும், பின்னர் வந்த சமையற்காரர் இராணுவத்தின் அரிசியை இராணுவத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க மறுத்ததால் தீட்டாத அரிசி கொடுக்கப்பட்டது என்றும் வெளிப்பட்டது. தவிட்டில் இருந்த ஏதோ ஒரு சத்து கோழிகளைக் காத்திருந்தது. ஐக்மன் அரிசியிலுள்ள ஒரு நஞ்சுக்குத் தவிடு மாற்றாகிறது என்று முதலில் எண்ணினார். சத்துக் குறைவே நோயின் காரணம் என்பதை அவருக்குப் பின் அங்கு உழைத்த கிரீன்ஸ் 1901-இல் எடுத்துரைத்தார். இந்த அறிவின் தொடக்கத்திற்காக ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே ஆராய்ச்சி தமிழ்நாட்டிலும் நடந்தது. நீலகிரி ஜில்லா குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் 1918 முதல் உழைத்த ராபர்ட் மெக்காரிசன், தீட்டிய அரிசியை மட்டும் புறாக்களுக்குக் கொடுத்து, நரம்பும் குடலும் எவ்விதம் கெடுகின்றன என்று ஆராய்ந்தார். அவருடைய ஆராய்ச்சிச் சாலையே பின்னர் விரிவடைந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய உணவு ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் 1898-இல் கல்கத்தாவில் முழுமையாக நிறுவியதும் பறவைகளைக் கொண்டே.

பட்டேவியாக் கோழிகளின் வரலாற்றில் ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. அக்கோழிகளுக்கு எந்தத் தேதியிலிருந்து எந்த அரிசி போடப்பட்டது என்று கண்டறிய முடியாமற்போயிருந்தால், நோயின் காரணம் இன்னும் பல வருஷங்கள் மறைந்தே இருந்திருக்கும். பறவைக்கு என்ன தீனி, யார் கொடுத்தது, எவ்வளவு என்று எழுதி வைக்கும் பதிவேடு கணக்கன் வேலைபோல் தோன்றினும், அதுவே ஆராய்ச்சியின் முதுகெலும்பாகும். சோதனைப் பிராணிகளைப் பற்றிய விதிகள் பதிவேட்டைக் கட்டாயமாக்கியிருப்பதன் பயன் இதனால் விளங்கும்.

சோதனைக் கோழியின் சுகமும் மருந்தின் உண்மையும்

வெள்ளைக் கழிச்சல் நோய் ராணிக்கெட் நோய் என்றும் நியூகாஸில் நோய் என்றும் பெயர் பெறும். 1920-களின் பிற்பகுதியில் வடநாட்டு மலைநகரான ராணிக்கெட்டில் இது காணப்பட்டதால் முதற்பெயர் வழங்குகிறது. முக்தேஸ்வர் ஆராய்ச்சி நிலையத்தார் 1940-களில் இந்நோய்க் கிருமியைக் கோழிமுட்டைக் கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் கொடுமையைக் குறைத்துத் தடுப்பு மருந்தாக்கினர். எட்டு வார வயதிற்கு மேற்பட்ட கோழிகளுக்கு இறக்கையின் கீழ் போடப்படும் ஊசி மருந்து அவ்வழியில் வந்ததே. குளிர்சாதனம் இல்லாத ஊர்களுக்கென, வெப்பத்தைத் தாங்கும் குருணை வடிவ மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பின்னர் உருவாக்கியது.

இத்தகைய மருந்தின் வலிமையைச் சோதிக்கும் பழைய முறை யாதெனில், ஒரே வயதும் ஒரே இனமும் உள்ள கோழிகளை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்திற்கு மட்டும் மருந்து கொடுத்து, குறித்த நாட்கள் சென்றபின் இரு கூட்டங்களுக்கும் கொடிய கிருமியைச் செலுத்திப் பார்ப்பதாகும். மருந்து பெற்ற கோழிகள் பிழைக்கவேண்டும்; பெறாதவை நோயுறவேண்டும். ஆகவே சில பறவைகள் துன்பப்படுவது இச்சோதனையின் அங்கமாகவே இருக்கிறது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இத்துன்பத்தை எத்தனை பறவைகளோடு நிறுத்தலாம், எவ்வளவு நேரத்தோடு முடிக்கலாம், இரத்தப் பரிசோதனை போன்ற வேறு வழியால் முற்றிலும் தவிர்க்கலாமா என்பவையே கேட்கத்தக்க கேள்விகள்.

சுகமில்லாத கோழியைச் சோதனைக்கு எடுத்தால் நேரும் தீமையை விவசாயிகள் எளிதில் உணர்வார்கள். வெப்பத்தாலும் நெருக்கத்தாலும் வாடிய கோழியின் உடலில் மருந்து சரிவரப் பிடிப்பதில்லை. நல்ல மருந்தும் அதனிடம் கெட்ட மருந்தாகத் தோன்றும். முன்னரே நோய் வந்து தேறிய கோழியோ, மருந்து கொடாவிடினும் பிழைத்துக்கொள்ளும். அதனால் வலிமையற்ற மருந்தும் நல்லதென்று பெயர் பெற்றுவிடும். கூண்டில் நேர்ந்த பிழையால் வரும் நஷ்டத்தை முடிவில் கிராமத்துக் கோழிவளர்ப்போரே ஏற்க நேரிடும். ஆகையால் சோதனைப் பறவையின் நலத்தைக் காப்பது இரக்கம் மட்டுமன்று, விவசாயிக்கும் இலாபமே.

சட்டம் பிறந்த வரலாறு

பறவைக்கு இரங்குதல் தமிழ் மக்களுக்குப் புதிதன்று. புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியைச் சோழர் தம் குலமுதல்வனாகக் கொண்டனர். மயிலுக்குப் போர்வை அளித்த பேகன் வள்ளல்களுள் ஒருவனாக வைத்து எண்ணப்படுகிறான். சென்னையில் அம்பிகை மயிலாக வந்து பூசித்ததாகத் தலவரலாறு கூறும் மயிலாப்பூருக்குத் தெற்கே, ஆற்றைக் கடந்தால் அடையாறு. இந்தியா முழுவதற்கும் உரிய பிராணி பாதுகாப்புச் சட்டத்தின் வரலாறு இந்த அடையாற்றுப் பக்கத்தோடு நெருங்கிய தொடர்புடையது.

முன்னர் இந்நாட்டில் 1890-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வழங்கி வந்தது. அது வீட்டுப் பிராணிகளையும் பிடித்து அடைக்கப்பட்ட பிராணிகளையும் மட்டுமே கருதியது. 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல், அடையாற்றில் 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர். அவர் 1953-இல் ராஜ்ய சபையில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். பிரதம மந்திரி ஜவஹர்லால் நேரு, சர்க்காரே விரிவான மசோதா ஒன்றைக் கொண்டுவரும் என்று உறுதி கூறியதன் பேரில் அம்மையார் தம் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பயனாக 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டப்படி 1962-இல் இந்தியப் பிராணிகள் நல வாரியம் அமைக்கப்பட்டது. ருக்மிணி தேவி அதன் முதல் தலைவரானார். வாரியத்தின் தலைமை அலுவலகம் நெடுங்காலம் சென்னையிலேயே இருந்தது. திருவான்மியூர் வால்மீகி நகரில் கடற்கரையை ஒட்டிய தெருவொன்றில் இயங்கிவந்த அவ்வலுவலகம் 2018-இல் ஹரியானா மாகாணத்துப் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.

சட்டம் கூறுவது யாது?

இச்சட்டத்தின் 2-ஆவது பிரிவு, மனிதன் நீங்கலாக உயிருள்ள எந்த ஜந்துவும் பிராணியே என்று வரையறுக்கிறது. பறவை அதனுள் அடங்கும். கோழி, புறா, காடை, வாத்து என்ற பேதமோ, ஆராய்ச்சிக்கென வளர்த்தது, வீட்டில் வளர்த்தது என்ற பேதமோ இல்லை.

14-ஆவது பிரிவு, அறிவு வளர்ச்சிக்காகவும், உயிரைக் காக்கவும், நோயைத் தீர்க்கவும் செய்யப்படும் பரிசோதனை குற்றமன்று என்கிறது. பரிசோதனையை அறவே ஒழிக்க விரும்பினோரும் கட்டுப்பாடே வேண்டாமென்றோரும் இருந்த நிலையில், சட்டம் நடுவழியைத் தேர்ந்தது. 15-ஆவது பிரிவின்படி, பிராணிகள் மீதான பரிசோதனைகளைக் கட்டுப்படுத்தி மேற்பார்வையிட ஒரு குழுவை மத்திய சர்க்கார் அமைக்கலாம். அக்குழு 1964-இல் முதன்முதல் அமைந்து, இடையில் தளர்ந்து, 1998-இல் புத்துயிர் பெற்றது. திருவான்மியூரில் நல வாரியம் இருந்த இடத்திலிருந்தே அதன் காரியங்களும் அப்போது நடந்தன. இப்பொழுது அது மத்திய மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வள அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது.

17-ஆவது பிரிவு அக்குழு விதிகள் மூலம் உறுதிசெய்ய வேண்டியவற்றைக் கூறுகிறது. அவற்றின் சாரம் வருமாறு:

1. ஒரு நிலையத்தில் நடக்கும் பரிசோதனைக்கு அந்நிலையத்தின் பொறுப்பாளர் பதில் சொல்லவேண்டும்.

2. பரிசோதனை உரிய கவனத்தோடும் இரக்கத்தோடும், இயன்றவரை மயக்க மருந்து கொடுத்தும் நடத்தப்படவேண்டும்.

3. மயக்கம் தெளிந்தால் கடுந்துன்பம் அடையக்கூடிய பிராணியை, உணர்வு திரும்புமுன்பே வலியின்றி முடித்துவிட வேண்டும்.

4. புத்தகம், மாதிரி உருவம், படம் முதலியவற்றால் கற்பிக்கக்கூடிய இடத்தில் உயிர்ப்பிராணியை உபயோகிப்பதைத் தவிர்க்கவேண்டும்.

5. கைத்திறன் பெறுவதற்காக மட்டும் பரிசோதனை செய்யலாகாது.

6. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பிராணியை நன்கு பராமரிக்கவேண்டும். தக்க பதிவேடுகள் வைக்கவேண்டும்.

சென்னையின் கல்லூரிகளில் விலங்கியல் பயிலும் மாணவர் தவளை முதலிய பிராணிகளை அறுத்துக் கற்பது நெடுங்கால வழக்கம். பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் அதனைப் படிப்படியாகக் குறைக்கும்படியும், 2014-இல் நிறுத்தும்படியும் பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. மேற்கூறிய நான்காம் விதி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இவ்வாறு நடைமுறைக்கு வந்தது. 1959-இல் சென்னையில் காப்டன் வி. சுந்தரம் தோற்றுவித்த ப்ளூ கிராஸ் சங்கம், இத்தகைய மாற்று வழிகளுக்காக விடாது வாதாடிய அமைப்புகளுள் ஒன்றாகும்.

1998-ஆம் ஆண்டின் விதிகள்

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் விதிகள் 1998-இல் வெளியாயின. 2001-இலும் 2006-இலும் திருத்தப்பட்டன. இவ்விதிகளின்படி, பிராணிகளை வைத்துப் பரிசோதனை நடத்தும் ஒவ்வொரு நிலையமும், பரிசோதனைக்கென பிராணிகளை இனவிருத்தி செய்து விற்போரும் பதிவு செய்துகொள்ளவேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நெறிமுறைக் குழு இருக்கவேண்டும். அதில் அந்நிலையத்து விஞ்ஞானிகள், கால்நடை வைத்தியர், வேறொரு நிலையத்து விஞ்ஞானி, விஞ்ஞானத் தொழிலைச் சாராத பொதுநல நோக்குடைய ஒருவர், மத்தியக் குழு நியமிக்கும் உறுப்பினர் ஆகியோர் அங்கம் வகிப்பர். திட்டத்தை வகுத்தவரே அதற்கு அனுமதியும் கொடுத்துக்கொள்ளாதபடி வெளியாட்களைச் சேர்த்திருப்பது இவ்வமைப்பின் சிறப்பு.

ஒரு விஞ்ஞானி நூறு கோழிகள் வேண்டுமென்று கேட்டால், ஏன் கோழி, ஏன் நூறு, அறுபது போதாதா, வலி உண்டாகுமா, உண்டாயின் போக்கும் வழி யாது, எந்த நிலை வந்தால் சோதனையை நிறுத்துவது, முடிந்தபின் பறவைகள் என்னாகும் என்னும் கேள்விகளுக்கு எழுத்தில் விடை தரவேண்டும். இங்கிலாந்தின் ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகள் இதற்கு அடிப்படை. அவை, பிராணிக்குப் பதில் வேறு வழியைத் தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணித்தல் என்பன. இந்தியக் குழு நான்காவதாக, சோதனை முடிந்தபின் பிராணிக்கு மறுவாழ்வு அளித்தல் என்பதையும் சேர்த்து, அதன் செலவை நிலையத்தின் பொறுப்பாக்கியிருக்கிறது.

பறவையின் உடலமைப்பும் அதற்கேற்ற பராமரிப்பும்

விதி எழுத்தளவில் இருந்தாற் போதாது; கூண்டில் இருப்பது எலியன்று, பறவை என்பதைப் பணியாட்கள் உணரவேண்டும். பண்ணை வைத்திருப்போரும் கவனிக்கத்தக்க சில உண்மைகள் கீழே தரப்படுகின்றன.

சுவாசம். பறவைக்கு மனிதனுக்குள்ளதுபோல் மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதாலேயே மூச்சு நடைபெறுகிறது. ஆகையால் குருவி, காடை, புறா இவற்றை மார்பை இறுக்கிப் பிடித்தால் கழுத்தை நெரிக்காமலே மூச்சு முட்டி இறந்துவிடும். ஊசி போடுவோர் முதலில் கற்கவேண்டியது பிடிக்கும் முறையே.

வெப்பம். கோழியின் உடற்சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இளைத்தே சூட்டைத் தணித்துக்கொள்ளும். சென்னையில் அக்கினி நட்சத்திரக் காலத்து நண்பகலில், கடற்காற்று உள்ளே வருமுன், தகரக் கூரையின் கீழுள்ள பறவைகள் படும்பாடு பெரிது. காற்றோட்டமும், குளிர்ந்த நீரும், மின்சாரம் நின்றால் உடனே உதவும் மாற்று ஏற்பாடும் கட்டாயம் வேண்டும். குஞ்சுகளுக்கோ நிலைமை நேர்மாறு. முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி சூடு கொடுத்து, வாரந்தோறும் சுமார் 3 டிகிரி குறைத்து வரவேண்டும்.

வெள்ளம். 2015 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு சென்னையின் தென்பகுதிகளில் புகுந்ததை யாவரும் அறிவர். அடுத்த ஆண்டு டிசம்பரில் வர்தா புயல் மின்சாரத்தை நாட்கணக்கில் நிறுத்தியது. கூண்டில் உள்ள பறவை தானே தப்பிப் போகமுடியாது. தாழ்ந்த இடத்தில் கூடு அமைத்தல், தீவனத்தைத் தரையில் அடுக்குதல், விடுமுறை நாட்களில் ஆளின்றி விடுதல் ஆகியவை ஆராய்ச்சிச் சாலைக்கும் பண்ணைக்கும் ஒருங்கே பெருந்தவறுகள்.

இனத்திற்கேற்ற வசதி. ஒரே கூண்டு எல்லாப் பறவைக்கும் பொருந்தாது. கோழி மண்ணில் புரண்டு குளிக்கவும், இரவில் உயரமான கம்பில் அமரவும், மறைவில் முட்டையிடவும் விரும்பும். காடை அச்சமுற்றால் நேர்மேலே பாய்ந்து தலையை மோதிக்கொள்ளும். ஆதலால் அதன் கூண்டின் மேற்புறம் மெத்தென்றிருக்கவேண்டும். புறா அலகை நீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும். ஆழமற்ற தட்டு அதற்குப் பயன்படாது. வாத்துக்குத் தலையை முழுக்க நனைத்துக்கொள்ளத் தக்க நீர் வேண்டும். இல்லாவிடில் கண்ணும் மூக்கும் அடைபடும்.

நோயை மறைக்கும் இயல்பு. பகைவனுக்கு இரையாகாமல் இருக்கவேண்டி, பறவை தன் நோயை இயன்றவரை மறைக்கும். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி ஒதுங்கி நிற்பது வெளித்தெரியும்போது நோய் முற்றியிருக்கும். ஆகவே தினந்தோறும் தீனியின் அளவையும், எச்சத்தின் நிறத்தையும், எடையையும் குறித்து வருதலே நோயை முன்னறியும் வழி.

பிற நாடுகளின் நிலை

ஐக்கிய அமெரிக்காவில் 1966-இல் பிராணி நலச் சட்டம் ஒன்று ஏற்பட்டது. எனினும் 2002-ஆம் ஆண்டுத் திருத்தம், ஆராய்ச்சிக்கென்றே வளர்க்கப்பட்ட பறவைகளையும் எலி, சுண்டெலிகளையும் அச்சட்டத்தின் 'பிராணி' என்னும் சொல்லிலிருந்தே நீக்கிவிட்டது. ஏனைய பறவைகளுக்கான விதிகளும் இருபது ஆண்டுகளுக்குமேல் தாமதித்து, 2023 பிப்ரவரியிலேயே வெளியாயின. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டுக் கட்டளை முதுகெலும்புள்ள பிராணிகள் யாவற்றையும் உட்கொண்டு, கோழி, வான்கோழி, காடை, வாத்து, புறா முதலியவற்றுக்குத் தனித்தனியே இடவளவு குறிக்கிறது. இவற்றோடு ஒப்பிட, எந்தப் பறவையையும் விலக்காத இந்தியச் சட்டத்தின் சொற்கள் விசாலமானவை.

ஆனால் சொல் விசாலமாயிருந்தும் தண்டனை அற்பமாக இருக்கிறது. குழுவின் உத்தரவை மீறிய குற்றத்திற்கு 1960-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த அபராதம் 200 ரூபாய்க்கு மேற்படாது. பொதுவான கொடுமைக்கு 11-ஆவது பிரிவின்கீழ் முதற்குற்றத்திற்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. அறுபது வருஷங்களுக்கு முன் அத்தொகை ஒருவாறு உறைத்திருக்கலாம். இன்று ஒரு கோழியின் விலைக்கும் அது ஈடாகாது. பரிசோதனையை நிறுத்திவைக்கும் அதிகாரமும், உள்ளே சென்று பார்வையிடும் அதிகாரமும், பதிவை இழப்போம் என்ற அச்சமுமே நிலையங்களை உண்மையில் கட்டுப்படுத்துகின்றன.

விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் கவனிக்க வேண்டியவை

1. பரிசோதனைப் பிராணிகளைப் பதிவுபெற்ற இனவிருத்தியாளரிடமிருந்தே வாங்கவேண்டும் என்பது பொது விதி. அங்குக் கிடையாதபோது மட்டுமே, சட்டத்திற்குட்பட்ட வேறிடத்தில் பெறலாம். ஆகையால் கோழியோ புறாவோ ஆராய்ச்சிக்கென மொத்தமாகக் கேட்டு வரும் தரகரிடம், எந்த நிலையத்திற்கு, என்ன பதிவு எண்ணில் என்று கேட்டு எழுதி வாங்கிய பின்னரே விற்கவேண்டும்.

2. கிளி, மைனா, கௌதாரி முதலிய காட்டுப் பறவைகளைக் கண்ணியிட்டுப் பிடித்து விற்பது 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆராய்ச்சிக்கென்று சொன்னாலும், தலைமை வனவுயிர்க் காப்பாளரின் எழுத்து மூலமான அனுமதி இன்றியமையாதது. கிராம நிர்வாக அலுவலர் இத்தகைய செய்தி எட்டியவுடன் வன இலாகாவுக்குத் தெரிவிக்கவேண்டும்.

3. புதிய மருந்தையோ தீவனத்தையோ கிராமத்துக் கோழிகளிடம் சோதிக்க வருவோரிடம், நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் காட்டும்படி கேட்பதும், இறந்த கோழிக்கு ஈடு தருவது யார் என்பதை முன்னரே எழுதிக்கொள்வதும் நன்று. உண்மையான ஆராய்ச்சியாளர் அக்கேள்விக்கு வருந்தமாட்டார்.

4. கோழிகள் கூட்டமாகத் திடீரென்று இறந்தால், அவற்றைத் தாமே அறுத்துப் பார்ப்பதோ பட்டணத்துக்குப் பையில் எடுத்துச் செல்வதோ கூடாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லியனுப்பவேண்டும். பறவைக் காய்ச்சல் 2006-இல் மகாராஷ்டிரத்து நவாப்பூரில் இந்நாட்டில் முதன்முறையாகத் தோன்றியதுமுதல், இவ்வெச்சரிக்கை மனிதர் நலத்திற்கும் உரியதாயிற்று.

5. பறவை நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதும், தீனி, நீர், நிழல் கொடாமல் விடுவதும், துன்பம் விளையும் விதத்தில் ஏற்றிச் செல்வதும் 11-ஆவது பிரிவின்கீழ்க் குற்றங்கள். கால்களைக் கட்டி, தலைகீழாகச் சைக்கிளில் தொங்கவிட்டுச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழக்கம் எடையைக் குறைத்து விலையையும் குறைக்கிறது என்பதைக் கணக்குப் பார்த்தவர் அறிவர்.

பாடச் சுருக்கம்

தீட்டிய அரிசியின் குறையை மக்களுக்குக் காட்டியவை கோழிகளும் புறாக்களுமே. அவற்றுக்கு நன்றி கூறும் வழி, இனிச் சோதிக்கப்படும் பறவைகள் எண்ணிக்கையில் குறைவாகவும், பராமரிப்பில் நிறைவாகவும், துன்பம் தவிர்க்கப்பட்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதே. சட்டம் அதற்கு வழி வகுத்திருக்கிறது; விதிகள் பதிவையும் அனுமதியையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. அவற்றை நடத்திவைக்க வேண்டியவர் நகரத்து விஞ்ஞானிகள் மட்டுமல்லர். விற்குமுன் கேள்வி கேட்கும் விவசாயியும், செய்தியறிந்து தெரிவிக்கும் கிராம அதிகாரியும் அப்பொறுப்பில் பங்குடையவரே.

பண்ணை வைத்திருப்போர் இன்று மாலை ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கோழிக்கூட்டினுள் சென்று, கோழியின் தலை இருக்கும் உயரத்திற்குக் குனிந்து, நூறு எண்ணும்வரை மூச்சு விட்டுப் பார்க்கவேண்டும். எச்சத்தின் நெடியால் கண் கரித்தால், கோழி இரவும் பகலும் அதே காற்றையே சுவாசிக்கிறது என்று அறிந்து, மறுநாள் காலையில் பழைய உமியை அள்ளி மாற்றிக் காற்றுவழியைத் திறந்துவிடவேண்டும்.